நல்ல காவல் அதிகாரி: பண்புச்சொற்களும் பொருள் வேறுபாடும்

1. நல்ல காவல் அதிகாரியின் பண்புகளாகக் காவல் துறையினரும் பொதுமக்களும் பெரும்பாலும் ஒரே சொற்களையே கூறுகின்றனர். நேர்மை, கண்டிப்பு, மரியாதை என்பன அவற்றுள் சில. எனினும் சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. துறை ஆவணங்களையும் கருத்தாய்வு வினாநிரல்களையும் மொழிபெயர்ப்போர் இதனைக் கருத வேண்டும்.

2. துறை வழக்கு: 1960இல் காவல் துறைத் தலைவர்கள் மாநாடு ஏற்றுக்கொண்ட நடத்தை நெறி நேர்மை, நடுநிலை, துணிவு, பண்பான பழக்கம் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. 2014 நவம்பரில் குவாஹாட்டியில் நடந்த காவல் துறைத் தலைமை இயக்குநர்கள் மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோதி 'ஸ்மார்ட்' என்னும் ஐந்தெழுத்துச் சுருக்கத்தை முன்வைத்தார். அதன் முதலெழுத்து கண்டிப்பையும் பிறர் நிலை உணரும் தன்மையையும் ஒருங்கே குறிக்கும். மொழிபெயர்ப்பில் எழுத்தொற்றுமை மறைவது சிறு இழப்பே. இத்தகைய பட்டியல்கள் பண்புப்பெயர்களால் அமைவதே முதன்மையானது. யாரிடம் நேர்மை, எதில் கண்டிப்பு என்பது அவற்றில் வெளிப்படுவதில்லை.

3. மக்கள் வழக்கு: பேச்சுத்தமிழ் பண்பைச் செயலாகக் கூறும். 'கை நீட்டாதவர்' என்பது தக்க சான்று. 'அவனிடம் கை நீட்டினார்' என்றால் கையூட்டுப் பெற்றார் என்பது பொருள். 'அவன்மேல் கை நீட்டினார்' என்றால் அடித்தார் என்பது பொருள். இடமும் மேலும் நீங்கிய பெயர் வடிவில் இரு பொருளும் நிற்கின்றன. கையூட்டும் வாங்காதவர், அடிக்கவும் அடிக்காதவர் என இத்தொடர் சூழலுக்கேற்பப் பொருள்படும். 'நேர்மை' என்னும் துறைச்சொல் இவற்றுள் ஒன்றை மட்டுமே தழுவுகிறது.

மரியாதையும் அவ்வாறே. 'நீ' என்றாரா, 'நீங்கள்' என்றாரா என்பதைக் கொண்டே புகார் கொடுக்க வந்தவர் அதனை அளக்கிறார். இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிகள் உண்டு. முன்னிலைப் பெயரில் இவ்வேறுபாடற்ற இன்றைய ஆங்கிலத்தில் எழுதப்படும் நெறிமுறை, விளிப்பைத் தனியே கூறாமல் விட்டுவிட இடமுண்டு. தமிழாக்கத்தில் அது விடுபடின் விதியின் உயிர்நிலையே விடுபடும்.

4. கண்டிப்பு: இச்சொல்லின் பொருள் எல்லை கவலைக்குரியது. காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 2019இல் வெளியிட்ட, 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலரிடம் நடத்திய ஆய்வில், சிறு குற்றங்களுக்கு நீதிமன்ற விசாரணையின்றிக் காவலரே சிறு தண்டனை அளிக்கலாம் என 37 விழுக்காட்டினர் கருதினர். அவ்வாறு கருதுவோர்க்குக் கண்டிப்பு, தண்டிப்பையும் உள்ளடக்கியதாகலாம். குடிமகனுக்கோ அது வேண்டியவர் வேண்டாதவர் பாராமையைக் குறிக்கலாம்.

5. எனவே 'அதிகாரி கண்டிப்பானவராக இருக்க வேண்டுமா?' என்னும் வினாவுக்கு இருசாராரும் 'ஆம்' என்பது கருத்தொற்றுமை ஆகாது. 'சட்டத்தை எல்லாரிடமும் ஒரேபடியாக நடைமுறைப்படுத்த வேண்டுமா?', 'பிடிபட்டவரை அடிக்கலாமா?' எனப் பிரித்து வினவுதலே முறை. பண்புப்பெயரை வினையாக விரித்து, அதற்குரிய வேற்றுமையையும் நிரப்பித் தருவது இங்கு மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது.