ஆசானை மறந்த ஆட்டம்

கோல் அடித்தவனுடைய பெயர் மறுநாள் காலைக்குள் ஊரெங்கும் பரவிவிடுகிறது. அவனுக்கு அந்த வித்தையைக் கற்பித்தவர் யார் என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தாலும் அதிசயமே. ஆசியாவில் ஒரு காலத்தில் முதல் ஸ்தானம் வகித்த நமது கால்பந்தாட்டம் பின்னர் தாழ்ந்து போனதற்கு இந்த மறதியும் ஒரு காரணம் என்பது நமது திடமான அபிப்பிராயம். பி.கே. என்ற இரண்டெழுத்தால் தேசமெங்கும் அறியப்பட்ட பிரதீப் குமார் பானர்ஜியின் சரித்திரமே இதற்குத் தக்க சாட்சி.

1936-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி வங்காளத்தின் ஜல்பாய்குரி ஜில்லாவில் அவர் பிறந்தார். பதினைந்தாம் வயதிலேயே பீஹாருக்காக ஸந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் ஆடினார். கல்கத்தாவுக்கு வந்தபின் ஆரியன் கிளப்பிலும், 1955 முதல் ஈஸ்டர்ன் ரயில்வே கோஷ்டியிலும் ஆடினார். மோஹன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற பெருங்கிளப்புகளுக்காக அவர் ஒருநாளும் ஆடியதில்லை. எனினும் 1958-ல் அந்த ரயில்வே கோஷ்டி அவ்விரண்டையும் பின்தள்ளிக் கல்கத்தா லீக்கை ஜயித்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது ஸ்தானம் பெற்ற இந்தியக் கோஷ்டியில் பி.கே. இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரே தலைவர். பிரான்ஸுக்கு எதிராக அவர் அடித்த கோலால் ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது.

1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது. அன்று கோல் அடித்தவர்கள் பி.கே.யும் ஜர்னெயில் சிங்கும். சுனி கோஸ்வாமியும், ஸிகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் அக்கோஷ்டியின் மற்ற இரு மணிகள். இவர்கள் அனைவரையும் ஒரே கோஷ்டியாக இணைத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், ஜகார்த்தா வெற்றிக்கு அடுத்த வருஷமே, 1963-ல், காலமானார். 1966-ல் பாங்காக்கில் நடந்த அடுத்த ஆசியப் பந்தயத்தில் இந்தியா முதற் சுற்றோடு வெளியேறியது. ஆட்டக்காரர்கள் அடியோடு மாறிவிடவில்லை, பி.கே.யும் ஆடினார். ஆசான்தான் இல்லை.

அந்தக் குறையை உணர்ந்தே போலும், 1967-ல் ஓய்வு பெற்ற பி.கே. பயிற்சியளிப்பதையே தமது இரண்டாவது ஜீவிதமாகக் கொண்டார். 1970-ல் பாங்காக்கில் ஜி.எம்.எச். பாஷாவுடன் சேர்ந்து அவர் பயிற்றுவித்த கோஷ்டி வெண்கலப்பதக்கம் பெற்றது. 1972-ல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. 1975 வரை நான்கு வருஷமும் லீக்கை விடாமல் ஜயித்து, 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோஹன் பகானை அது 5-0 என்று முறியடித்தது. அடிபட்ட மோஹன் பகான் செய்ததென்ன? மறுவருஷமே அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது! 1977-ல் அதுவும் ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் மூன்றையும் ஒருங்கே கைப்பற்றியது. அதே வருஷம் செப்டம்பரில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியை ஈடன் தோட்டத்தில் எதிர்த்து 2-2 என்று சமன் செய்தது.

அவர் கையாண்ட மருந்து என்ன? அவருடைய பேச்சு. ஆட்டத்துக்கு முன் அவர் சொல்லும் வார்த்தைகளை வங்காளத்தார் 'வோகல் டானிக்' என்றே அழைத்தார்கள். சோர்ந்தவனை நிமிர்த்துவதும், பயந்தவனுக்குத் தன் பலத்தை உணர்த்துவதும் ஆசானின் முதற் கடமை என்பதை அவர் அறிந்திருந்தார். 1997-ல் பெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டத்தைக் காண ஸால்ட் லேக் மைதானத்தில் ஒரு லக்ஷத்து முப்பதினாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். அன்று அவருடைய ஈஸ்ட் பெங்கால், அமல் தத்தாவின் மோஹன் பகானை 4-1 என்று வென்றது. அப்போது பி.கே.க்கு வயது 61.

ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. கிளப்புகளுக்கு அவர் கொணர்ந்த ஜயத்தைத் தேசியக் கோஷ்டிக்குக் கொணர முடியவில்லை. பல தடவை அவர் அதற்குப் பயிற்சியளித்தும், 1970-ல் பெற்ற வெண்கலமே ஆசியப் பந்தயத்தில் நமது ஆடவர் கோஷ்டி ஐம்பது வருஷங்களுக்கு மேல் கண்ட கடைசிப் பதக்கமாயிற்று. இது அவருடைய குறையன்று. கிளப்பின் ஆட்டக்காரர் வருஷம் முழுவதும் ஆசானின் கண்முன் இருக்கிறார்கள். தேசியக் கோஷ்டியோ பல இடங்களில் பல விதமாகப் பழகியவர்களைச் சில வாரங்களுக்குக் கூட்டிவைப்பது. அடித்தளத்தில் இல்லாததை உச்சியில் ஒரு தனிமனிதர் எவ்வளவு நாள் ஈடுசெய்வார்? இளைஞர்களைத் தங்கவைத்துப் பழக்க ஜம்ஷெட்பூரில் டாட்டா அகாதமி ஏற்பட்டதே 1987-ல்தான். அங்கும் பி.கே. சென்று உழைத்தார்.

1961-ல் அர்ஜுனா விருதும் 1990-ல் பத்மஸ்ரீயும் பெற்ற அவர் 2020 மார்ச் 20-ல் காலமானார். மாலைகளுக்கும் புகழுரைகளுக்கும் குறைவிருக்கவில்லை. ஆனால் அவருக்குச் செலுத்தவேண்டிய உண்மையான மரியாதை வேறு. ஜில்லாதோறும் தேர்ந்த ஆசான்கள் வேண்டும். அவர்களுக்கு நிலையான ஊதியம் வேண்டும். ஒரு தோல்வி நேர்ந்தவுடன் ஆசானைத் துரத்தும் வழக்கம் ஒழியவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் கற்பதில் இழிவில்லை. நம்மிடையே ஆசான்களை வளர்க்காமலிருப்பதே இழிவு. ஒரு ரஹீம் மறைந்தால் ஒரு பி.கே. வரும்வரை காத்திருக்கும் தேசம் விளையாட்டில் மட்டுமல்ல, எத்துறையிலும் நிமிர முடியாது. தேசாபிமானிகள் இதைச் சிந்திப்பார்களாக.