வலி என்னும் சொல்லும் உடற்பயிற்சியும்

‘வலி’ என்னும் சொல்லுக்கு ஆற்றல் என்றும் பொருள் உண்டு. நோவு என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் ஆசிரியர், அது நோவைப் பற்றியதன்று என்று முதலிலேயே சொல்லிவிடுவது நலம். ஆயினும் இவ்விரு பொருள்களுக்கும் உடலளவில் தொடர்பு உண்டென்பதை இக்கால ஆராய்ச்சி காட்டுகின்றது.

பினாங்கில் வாழும் நமக்கு இது புதிதன்று. தைப்பூசத்தன்று அலகு குத்திய உடலோடு காவடியைச் சுமந்து, வெறுங்காலோடு நடந்துவந்து, தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறுவோரைக் காண்கிறோம். “இவர்களுக்கு வலிக்காதா?” என்று வெளிநாட்டார் வியப்பர். பக்தி, நோன்பு, மேளம், சூழ்ந்துவரும் சுற்றத்தார் ஆகிய அனைத்தும் இதில் கலந்துள்ளன. எல்லாம் உடலுழைப்பின் விளைவே என்பது பேதைமை. எனினும் உழைப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

நோவில் இரண்டு எல்லைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ‘வலிக்கிறது’ என்று முதலில் உணரும் இடம் ஒன்று. ‘இனித் தாங்காது’ என்று கைவிடும் இடம் மற்றொன்று. சிட்னி ஆய்வாளர் சிலர், உடல்நலமுடையோரை வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி, ஆறு வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்வித்துச் சோதித்தனர். 2014-இல் வெளியான அம்முடிவின்படி, முதல் எல்லை மாறவில்லை; இரண்டாவது எல்லையே உயர்ந்தது. அதாவது, பயின்றவருக்கும் முன்போலவே வலித்தது; ஆனால் கூடுதலாகத் தாங்கினர். தமிழில் நோதல் வேறு, நோன்றல் வேறு அல்லவா!

நார்வே நாட்டின் துரோம்சோ நகரில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் கையைக் குளிர்நீரில் வைத்துப் பார்த்தனர். 2023-இல் வெளியான அவ்வாய்விலும், உடலை இயக்குவோரே மிகுதியாகப் பொறுத்தனர். பொறுமையுடையோர்தாம் பயிற்சியை விடாது செய்கின்றனரோ என்னும் ஐயம் இங்கு எழுவது இயல்பே. சிட்னிச் சோதனையின் சிறப்பு அங்கேதான் உள்ளது.

பயிற்சி முடிந்தவுடன் சிறிது நேரம் நோவு மட்டுப்படுவதும் உண்டு. அபினைப் போன்று செயற்படும் பொருள்களை மூளை தானே சுரப்பதை 1975-இல் அபர்தீனில் ஹியூசும் கோஸ்டர்லிட்சும் கண்டறிந்தனர். அவையும் வேறு சில பொருள்களும் இதற்குக் காரணமாகலாம். 2010-இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வொன்றில், படகோட்டிகள் தனித்துப் பயின்ற நாளைவிடச் சேர்ந்து பயின்ற நாளில் நோவு பின்தங்கியே தோன்றியது. காவடிக்கு முன் செல்லும் மேளத்தாரையும் தோழரையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

முழங்கால் தேய்மானமுள்ள முதியோரை “நடக்காதீர்கள், உட்காருங்கள்” என்று நாம் தடுப்பது அன்பினால். ஆயினும் அது பெரும்பாலும் தீங்காகவே முடிகிறது. அளவான நடை நாளடைவில் அந்நோவைத் தணிக்கும். உடலெங்கும் நெடுநாள் நோவுடைய சிலருக்கோ, கடும்பயிற்சி தொடக்கத்தில் நோவைக் கூட்டவும் கூடும். அவர்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுதல் வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் கால் சுளுக்கிய மாணவன் “வலிக்கவில்லை, ஐயா” என்றாலும் ஆசிரியர் நம்பலாகாது. ஓட்டத்தின் வேகத்தில் நோவு மறைந்திருக்கும், வீக்கம் மறையாது.