மைசூரில் பிறந்த ஜாவா

மைசூரு என்றவுடன் அரண்மனையும் தசரா ஊர்வலமும் சந்தனமும் பட்டும் நினைவுக்கு வரும். அந்நகரின் பெயரை இந்தியச் சாலைகளெங்கும் கொண்டு சென்ற வேறொரு பொருளும் உண்டு. அதுவே ஜாவா மோட்டார் சைக்கிள். அதனைச் செய்த ஆலை இன்று இல்லை. ஆயினும் அவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆலை மூடப்பட்ட பின்னும் ஓர் ஊர்தி எவ்வாறு உயிர் வாழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆலை வளர்ந்த கதை

செக்கோஸ்லோவாக்கியாவில் 1929ஆம் ஆண்டு யானெசெக் என்பவர் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார். அவருக்கு உரிமம் அளித்த ஜெர்மானிய நிறுவனத்தின் பெயர் வாண்டரர். ரோமன் எழுத்துகளில் இவ்விரு பெயர்களின் முதலிரண்டு எழுத்துகளையும் சேர்த்ததால் ‘ஜாவா’ என்னும் பெயர் பிறந்தது. மும்பையைச் சேர்ந்த இரானி குடும்பத்தார் அவ்வண்டிகளை முதலில் இறக்குமதி செய்து விற்றனர். பின்னர் ‘ஐடியல் ஜாவா’ என்னும் நிறுவனத்தை அமைத்து, மைசூருவின் யாதவகிரிப் பகுதியில் ஆலை நிறுவினர். அப்போது மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார் அதனைத் திறந்து வைத்தார். 1961இல் உற்பத்தி தொடங்கியது. 1973 முதல் வண்டிகள் ‘யெஸ்டி’ என்னும் பெயரில் வெளிவந்தன.

1980களில் ஜப்பானிய நிறுவனங்களின் துணையுடன், குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு ஓடும் 100 சி.சி. வண்டிகள் சந்தைக்கு வந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் கடுமையாயின. 1996இல் யாதவகிரி ஆலை மூடப்பட்டது.

எந்திரத்தின் இயல்பு

ஜாவாவின் எந்திரம் இருவீச்சு வகையைச் சேர்ந்தது. ஒற்றை உருளை கொண்ட 250 சி.சி. வண்டியில் உருளையின் விட்டம் 65 மில்லிமீட்டர்; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 75 மில்லிமீட்டர். உருளை ஒன்றேயாயினும் புகைபோக்கிகள் இரண்டு. உதைத்து எந்திரத்தை இயக்கும் கிக்கரே கியர் மாற்றும் கோலாகவும் பயன்படுவது இவ்வண்டியின் தனிச்சிறப்பு.

நால்வீச்சு எந்திரத்தில் மசகு எண்ணெய் அடித்தொட்டியில் தனியே தங்கியிருக்கும். இவ்வண்டியில் அவ்வாறில்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, சுழல்தண்டு இருக்கும் அறை வழியாகவே உருளைக்குள் செல்கிறது. எனவே எண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்தே ஊற்ற வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை எண்ணெய் சேர்ப்பது வழக்கம். அளவு குறைந்தால் பிஸ்டன் சூடேறி உருளையோடு இறுகிவிடும். அளவு மிகுந்தால் புகை பெருகும். புகைபோக்கியில் கரி படியும்.

பழுதைக் கண்டறியும் முறை

வண்டி இயங்க மறுக்கும்போது கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றுவது அறியாமை. எந்திரம் இயங்க மூன்று தேவை: எரிபொருள், தீப்பொறி, அழுத்தம். இவற்றுள் எது இல்லை என்று வரிசையாக ஆராய்வதே முறை. எளிதானதை முதலிலும் கடினமானதை இறுதியிலும் சோதிக்க வேண்டும்.

சில முறை கிக்கரை உதைத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் உருளைக்கு வரவில்லை என்பது பொருள். பெட்ரோல் குழாயின் வடிகட்டி, கார்புரேட்டரின் நுண்துளை ஆகியவற்றில் அடைப்பு இருக்கலாம். சில வண்டிகள் சிறிது தொலைவு நன்றாக ஓடி நின்றுவிடும். தொட்டியின் மூடியைத் திறந்து மூடினால் மீண்டும் ஓடும். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருப்பதே இதற்குக் காரணம். காற்று உள்ளே நுழையாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

முனை நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. தீப்பொறியில் குறை இருக்கலாம். பிளக்கை அதன் மூடியில் பொருத்தி, உலோகப் பகுதி எந்திரத்தைத் தொடுமாறும், பிளக் துளையிலிருந்து விலகியிருக்குமாறும் வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். நீல நிறத்தில் வலுவான பொறி தோன்றினால் நன்று. மங்கிய மஞ்சள் பொறி தோன்றினால் பிளக்கைச் சோதித்தபின், மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட்டைத் துடைத்து, அதன் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்கலாம். எந்திரம் சூடானபின் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கினால் கண்டென்சர் பழுதாகியிருக்கக்கூடும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆதலால் இச்சோதனையைப் பெரியவர்களின் துணையோடு திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும்.

எரிபொருளும் பொறியும் சரியாக இருந்தும், கிக்கர் எதிர்ப்பின்றிக் கீழிறங்கினால் அழுத்தம் குறைந்துவிட்டது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். வெண்புகை மிகுதியாக வந்து, கியர்பெட்டி எண்ணெயும் குறைந்துகொண்டே போனால், சுழல்தண்டின் எண்ணெய்த் தடுப்பு வளையம் கெட்டு, அவ்வெண்ணெயை எந்திரம் உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். வண்டி ஓடியும் வேகமெடுக்கவில்லையெனில் புகைபோக்கியின் உள்பகுதியைக் கழற்றிக் கரியை அகற்ற வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல், மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் ஆகிய இரண்டும் இக்கலையின் அடிப்படை ஒழுக்கங்கள். மூன்றை ஒருங்கே மாற்றியவருக்கு எது பழுது என்பது கடைசிவரை விளங்காது.

ஓடாத வண்டியும் பழுதாகும்

நெடுநாள் நிறுத்தப்படும் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசின்போல் படியும். இக்காலப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் உறுப்புகளையும் கெடுக்கும். ஆகவே நிறுத்தும் முன் கார்புரேட்டரை வடித்துவிடுதலும், ரப்பர் குழாய்களை உரிய காலத்தில் மாற்றுதலும் இன்றியமையாதன.

சட்டமும் கடமையும்

மத்திய அரசு 2021இல் பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் பெரிதும் மாறாத ஊர்திகளே இதற்குத் தகுதியுடையவை. அவற்றின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ அவற்றைப் பயன்படுத்த இயலாது. 1961இல் பதிவான ஜாவா இத்தகுதியைப் பெறும். 1996இல் பதிவான யெஸ்டி 2046 வரை காத்திருக்க வேண்டும்.

இருவீச்சு எந்திரம் புகை மிகுதியாக உமிழ்வது என்பதை மறைக்க இயலாது. பழமையைப் போற்றுவோர் காற்றையும் போற்ற வேண்டும். எண்ணெயைச் சரியாக அளத்தலும், எந்திரத்தைச் செம்மையாக வைத்தலும், வண்டியை அளவோடு ஓட்டுதலும் அவர்தம் கடமைகள்.

அழியக்கூடிய செல்வம்

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் பூட்டியே எந்திரக் கலையைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவர் பெயரால் அந்நகரில் இன்று கார் அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. அருங்காட்சியகம் ஊர்தியின் உருவத்தைக் காக்கும். ஆனால் ஓசையைக் கேட்டே பழுதை உணரும் செவியையும், திருகை எவ்வளவு முறுக்கவேண்டும் என்றறிந்த விரலையும் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்க இயலாது. அவை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கே செல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று முதியவரின் வண்டியருகே இளையவர் ஒருவர் அமர்ந்து, “இது ஏன் இப்படி?” என்று கேட்பாராயின், யாதவகிரியில் அணைந்த உலையின் அறிவு மேலும் ஒரு தலைமுறைக்கு நீளும்.

அருஞ்சொற்பொருள்

மசகு எண்ணெய் – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்
உரிமம் – அனுமதி
இன்றியமையாத – கட்டாயம் தேவையான
பேழை – பெட்டி

வினாக்கள்

1. ஜாவா எந்திரத்தில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலப்பது ஏன்?
2. பிளக்கின் முனை உலர்ந்திருப்பதும் நனைந்திருப்பதும் எவற்றை உணர்த்துகின்றன?
3. 8 லிட்டர் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் வீதம் எவ்வளவு எண்ணெய் தேவை?
4. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பேணும் முறையைப் பெரியவரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.