தினசரி காலண்டரும் மொட்டை மாடியும்

போர்ட் பிளேயரின் டெலானிபூர்ப் பகுதியில் தமிழ் பேசும் வீடுகளின் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், கூடவே அன்றைய நட்சத்திரம். ‘மாலை 6.23 வரை ரோகிணி, பிறகு மிருகசீரிடம்’ என்கிற மாதிரி. வானம் பார்க்க ஆசை, ஆனால் டெலஸ்கோப் வாங்கக் காசில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் காட்டுவது இந்தத் தாளைத்தான். நிலா இன்று வானத்தில் எங்கே நிற்கிறது என்பதை அது தினமும் சொல்கிறது. நாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது மட்டும் அதைப் பார்க்கிறோம்.

நட்சத்திரங்களுக்கிடையே நிலா ஒரு சுற்று வர சுமார் 27.3 நாள் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் அந்தப் பக்கத்து நட்சத்திரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். காலண்டரில் ரோகிணி என்று போட்டிருந்தால், அன்று ராத்திரி நிலாவுக்கு அருகே செம்மஞ்சளாக ஒன்று தெரியும். அதுதான் ரோகிணி, வானியல் புத்தகங்களில் அல்டெபரான். மகம் நாளில் அருகே இருப்பது ரெகுலஸ், சித்திரை நாளில் ஸ்பைக்கா. எல்லாப் பெயருக்கும் இது பலிக்காது. சுவாதியும் திருவோணமும் நிலாவின் பாதையிலிருந்து வடக்கே 30 பாகை அளவுக்குத் தள்ளி இருப்பவை. அந்த நாட்களில் நிலாவை ஒட்டித் தேடினால் ஏமாற்றம்தான். கார்த்திகை தீபத்தன்றும் அப்படித்தான்: நிலா முழுசாக இருப்பதால் கார்த்திகைக் கூட்டம் அந்த வெளிச்சத்தில் முங்கிவிடும். மாசி மாத வளர்பிறையில், காலண்டரில் கார்த்திகை வரும் நாளில் பாருங்கள். அரை நிலாவுக்கு அருகே அந்தக் கொத்து தெரியும்.

நிலா இல்லாத இரவில் அந்தக் கொத்தில் எத்தனை விண்மீன் எண்ண முடிகிறது என்று பாருங்கள். நல்ல இருட்டில் சாதாரணக் கண்ணுக்கு ஆறு. நாலுதான் தெரிகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் கண்ணில் இருக்காது, தெருவிளக்கில்தான். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியின் நிழலில், விளக்கு கண்ணில் படாதபடி உட்காருங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒரு தடவை போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச் தேவைப்பட்டால் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம். கரண்ட் போனால் எல்லோரும் திட்டுவார்கள். நான் மட்டும் மாடிக்கு ஓடுவேன்.

இந்த ஊருக்கு இடம் தந்த லாபங்கள் இரண்டு. முதலாவது அட்சரேகை. போர்ட் பிளேயர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், சுமார் 11.7 பாகை வடக்கே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் டெலஸ்கோப் இயங்கும் வைணு பாப்பு ஆய்வகத்துக்கு இருக்கும் பெரிய அனுகூலங்களில் ஒன்று, பூமத்திய ரேகைக்கு நெருக்கமாக இருப்பதால் வடவானமும் தென்வானமும் ஒரே இடத்திலிருந்து அகப்படுவது. காவலூர் 12.6 பாகையில் இருக்கிறது. நம் மாடி அதைவிடக் கொஞ்சம் தெற்கே.

கையை முழுக்க நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. இந்த ஒரு அளவுகோல் போதும். வடக்கே ஹாரியட் மலைப் பக்கம் திரும்பினால், அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். அதன் உயரமும் ஊரின் அட்சரேகையும் அநேகமாக ஒன்றே. பள்ளிப் பிள்ளைகளை அளக்கச் சொன்னால் குஷியாகிவிடுவார்கள். பிப்ரவரி நடுவில் இரவு 8 மணி வாக்கில் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில் அகத்திய நட்சத்திரம், கனோபஸ், வானத்திலேயே இரண்டாவது பிரகாசம். டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டித்தான் எட்டிப்பார்க்கும். ஏப்ரல் நடுவில் இரவு பத்தரைக்குத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில். அதைப் பார்க்கத் தெற்கே மறைப்பில்லாத மாடியோ, சிடியாடாப்பு மாதிரி தென்கோடிக் கரையோ வேண்டும். கரைக்குப் போனால் இருட்டில் தண்ணீர் ஓரத்திலும் ஓடை முகத்திலும் நிற்காதீர்கள். உப்புநீர் முதலை உள்ள தீவு இது.

இரண்டாவது லாபம் கடிகாரம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் 92.7-ல் இருக்கிறோம். அதனால் சூரியன் நமக்கு 41 நிமிடம் முந்திக்கொள்கிறது. நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்குள் அது மறைந்து, ஆறேகாலுக்கு முழு இருட்டு. பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு முன்பே வானம் தயார். மழைதான் குறுக்கே நிற்கும்: மே முதல் டிசம்பர் வரை எந்த இரவையும் நம்ப முடியாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நமக்கு அறுவடை.

போனில் ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலி ஒன்று போதும். இதற்கு இணையம் எப்போதும் தேவையில்லை.

கையில் சில ஆயிரம் சேர்ந்துவிட்டதா? டெலஸ்கோப் வாங்காதீர்கள். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் வாங்குங்கள். முதல் எண் பெரிதாக்கும் அளவு, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். ஒளியைச் சேர்ப்பது விட்டம்தான். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று பெரிதாக அச்சிட்ட 60 மி.மீ. குட்டி டெலஸ்கோப்புகளை நம்பவேண்டாம்: விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 120-க்கு மேல் போனால் கலங்கல்தான் பெரிதாகும். 10x50-ஐ மாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும். ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிக்குத் தெற்கே மூன்று முட்டி உயரத்தில் மங்கிய பஞ்சு உருண்டை ஒன்று தட்டுப்படும். ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டு தூரம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இது அடிவானத்துக்கு மேலே வராது.

வாங்கிய பிறகுதான் இங்கே உண்மையான செலவு. என் முதல் பைனாகுலரை அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பைனாகுலரின் உறை ஈரம் பிடித்து வைத்திருந்தது. இப்போது காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை; மாசத்துக்கு ஒரு முறை ஜெல்லைச் சூடாக்கி உலர்த்துவேன். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதன் தூசி கண்ணாடியைக் கெடுக்கும்.

அதற்கும் மேலே ஆசை வளர்ந்தால் ஜான் டாப்சனை நினைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். காசில்லாததால் பழைய கப்பல் ஜன்னலின் தடித்த வட்டக் கண்ணாடியைக் கையால் தேய்த்து டெலஸ்கோப் ஆடி செய்தார், ஒட்டுப்பலகையில் தாங்கி செய்தார். 1968-ல் நண்பர்களோடு நடைபாதையில் டெலஸ்கோப் வைத்து, போகிற வருகிறவர்களைப் பார்க்கச் சொல்ல ஆரம்பித்தார். இன்று மலிவான பெரிய டெலஸ்கோப் என்றால் அவர் பெயர் தாங்கிய டாப்சோனியன்தான். துறைமுக ஊர்க்காரர்களான நமக்குக் கப்பல் ஜன்னல் புதிதில்லை.

பகலில் பார்க்கவும் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பைசா ஆகாது. ஏப்ரல் 21 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சமதளத்தில் கவிழ்த்து வைத்துக் காத்திருங்கள். பன்னிரண்டு மணிக்கல்ல, அதே 41 நிமிடக் கணக்கால் 11.18 வாக்கில். நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளருக்கு அடியிலேயே போய்விடும். சூரியனை மட்டும் வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ பார்க்கக் கூடாது. ஆகஸ்ட் 22 வாக்கில் இன்னொரு முறை இது நடக்கும், மேகம் விட்டால்.