இடவப்பாதிக்கு முன்பே வீட்டைச் சோதிப்பது யார்? எல்லைக் கிராமங்கள் எழுப்பும் கேள்வி

புது தில்லி: கேரளத்தில் கனமழை எச்சரிக்கை விடுக்கப்படும்போதெல்லாம் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அறிவிப்பில் ஓர் அறிவுரை இடம்பெறுவது வழக்கம். "அடச்சுறப்பில்லாத" வீடுகளில், அதாவது உறுதியான சுவரும் கூரையும் இல்லாத வீடுகளில் வசிப்பவர்கள், அதிகாரிகளைத் தொடர்புகொண்டு முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே அது. நல்ல அறிவுரைதான். ஆனால், தன் வீடு அந்த வகையில் சேருமா, சேராதா என்பதை வீட்டுக்காரருக்கு யார் சொல்வது? அதற்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை. தில்லியில் வகுக்கப்படும் நிவாரண விதிகளிலும் இல்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் இக்கேள்விக்கு மற்ற இடங்களைவிடக் கூடுதல் அழுத்தம் உண்டு. மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழகத்துடன் இணைக்கக் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் இஞ்சிவிளை, பாறசாலை, அமரவிளை என்று நீளும் அந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள வீடுகளைப் பார்ப்பவருக்கு எல்லை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று புலப்படாது. அதே வெட்டுக்கல், அதே ஓட்டுக் கூரை, அதே ரப்பர் மரங்கள். நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-ஆம் ஆண்டில் நின்றுபோனது. மழை மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோலவே பெய்கிறது.

இரண்டு மழை, ஒரே கூரை: பனி விழும் நாடுகளில் குளிர்காலம் தொடங்குமுன் வீட்டின் கூரை, குழாய், மின்இணைப்பு ஆகியவற்றைத் தொழில்முறை ஆய்வாளரிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது உண்டு. தென்கோடியில் வீட்டைச் சோதிப்பது குளிர் அல்ல, மழை. அதுவும் ஆண்டுக்கு இரண்டு முறை. இடவ மாதத்தின் நடுவில், அதாவது ஜூன் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழை. பின்னர் ஐப்பசியில், மலையாளிகள் துலாவர்ஷம் என்றழைக்கும் வடகிழக்குப் பருவமழை. முன்னது நாள்கணக்கில் பெய்து சுவரை ஊறவைக்கும். பின்னது பிற்பகலில் இடியும் மின்னலுமாக வந்து இறங்கும். முதல் மழையில் ஊறிய சுவர் முழுவதும் காய்வதற்குள் இரண்டாவது மழை வந்துவிடுகிறது என்பதுதான் இவ்வட்டாரத்தின் தனித் தொல்லை.

அண்மைய ஆண்டுகள் இதை உணர்த்தியிருக்கின்றன. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற மீனவர்களின் உயிரிழப்பே அப்போது நாடு முழுவதும் பேசப்பட்டது, அது நியாயமும்கூட. ஆனால் கரையில் சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும் எத்தனையோ கூரைகளைச் சிதைத்தன. 2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையில் பாறசாலை, குழித்துறை, இரணியல் பகுதிகளில் இருப்புப் பாதையில் மண் சரிந்து, திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் போக்குவரத்து முடங்கியது. மேட்டை வெட்டிச் சமன்செய்த இடத்தில் பாதைக்கு நேர்ந்ததே, மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டுக்கும் நேரக்கூடும்.

வல்லுநர் கண்ணுக்குத் தெரிவது: வீட்டில் குடியிருப்பவர் விரிசலைத் தினமும் பார்க்கிறார். பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறார். பொறியாளர் பார்ப்பது விரிசலின் திசையை. பூச்சில் மட்டும் ஓடும் முடிக் கீறல் ஒன்று. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி அடித்தளத்தை நோக்கிச் செல்லும் வெடிப்பு வேறு. பின்னது, அடியில் மண் அமிழ்கிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்து, சில வாரங்களில் அது உடைகிறதா என்று பார்ப்பது பழைய கொத்தனார்களும் அறிந்த முறை. மழைக்கு முந்தைய மாதமே அதற்கு ஏற்ற காலம். மழை தொடங்கிய பிறகு கண்ணாடி உடைந்து என்ன பயன்?

மண் சுவர் வீடுகளிலும், சாந்து பூசாத வெட்டுக்கல் வீடுகளிலும் ஆபத்து அடிப்பகுதியில்தான் தொடங்குகிறது. கூரை விளிம்பிலிருந்து விழும் நீர் தரையில் தெறித்துச் சுவரின் காலை அரிக்கிறது. மேலே நிமிர்ந்து நிற்கும் சுவர் கீழே மெலிந்திருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. ஓட்டுக் கூரையில் ஓட்டைவிட அதைத் தாங்கும் கைமரத்தையும் ரீப்பர் கட்டையையும் பார்க்க வேண்டும். வெளியில் முழுதாகத் தெரியும் மரம், சுவரில் புதைந்த முனையில் கரையான் அரித்துக் கூடாகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும்.

காங்கிரீட் வீடு என்றால் கவலை இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. பூவாறு, பொழியூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேல்பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. கூரையின் அடியில் பெயர்ந்து விழும் காரைத் துண்டைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பவர்கள், உண்மையில் நோயை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். மொட்டைமாடியில் சருகு அடைத்த வடிகுழாயும் இதே வரிசையில் வருவது. தேங்கும் நீரின் எடையும் கசிவும் சேர்ந்து செய்யும் சேதம், ஒரு மணி நேர வேலையில் தவிர்க்கக்கூடியது.

வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டியவை இன்னும் முக்கியமானவை. மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்புறம் நிற்கும் தாங்குசுவரில், மண்ணிலுள்ள நீர் வெளியேறத் துளைகள் விடப்பட்டுள்ளனவா, அவை அடைபட்டுள்ளனவா? சுவர் முன்புறமாகப் பிதுங்கியிருக்கிறதா? கிணற்றைச் சுற்றிய மண் தாழ்ந்திருக்கிறதா? கூரைமீது சாய்ந்துள்ள பலாவோ தென்னையோ வேர் தளர்ந்திருக்கிறதா? மழைக்காலத்தில் உயிர்களைப் பறிப்பவை பெரும்பாலும் இத்தகைய இடங்கள்தாம்.

மின்சாரம் தனிக் கணக்கு. ஈரச் சுவரில் பழைய ஒயர் கசியும்போது உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் செயல்படும் சாதனமே உரியது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, துண்டிக்கிறதா என்று எவரும் பார்க்கலாம். ஆனால் எர்த் இணைப்பின் தடையை அளக்கவும், ஒயரின் காப்புத்திறனை மெக்கர் கருவியால் சோதிக்கவும் உரிமம் பெற்றவர் வேண்டும். கேரளத்திலும் தமிழகத்திலும் இந்த உரிமத்தை வழங்கும் வாரியங்கள் தனித்தனி. எல்லையின் இரு பக்கமும் வேலைக்குச் செல்பவர்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், வருபவரிடம் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இடிந்தால் பணம், இடியுமுன்? மத்திய உள்துறை அமைச்சகம் 2022-26 காலத்துக்கு வகுத்த பேரிடர் நிவாரண விதிகளின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சுவர் விழுந்தால் எவ்வளவு என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடும் விதிகளில், விழப்போகும் சுவரைக் கண்டுபிடிப்பதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரி கிடையாது.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 15-ஆவது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 32,000 கோடி ரூபாய், ஆபத்தை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. முன்தடுப்புக்கென்று தனிப் பங்கு பிரிக்கப்பட்டது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் அந்தத் தலைப்பில் முதலில் நினைவுக்கு வருபவை தடுப்பணையும் கரைச்சுவரும்தான். வீட்டு ஆய்வு பேசப்படுவதில்லை.

ஆள் பலமும் அனுபவமும் கேரளத்துக்குப் புதிதல்ல. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பின் தொண்டர்கள் கைப்பேசிச் செயலியுடன் வீடு வீடாகச் சென்று சேதத்தைப் பதிவு செய்தனர். அதன் அடிப்படையில், 15 சதவீதம் வரை சேதமடைந்த வீட்டுக்கு 10,000 ரூபாய் தொடங்கி, முற்றிலும் அழிந்த வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை உதவி நிர்ணயிக்கப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகு செய்ய முடிந்ததை, மழை வருமுன் செய்ய முடியாதா?

அடுத்தவர் சுவர்: தன் வீட்டைச் சரியாக வைத்துக்கொண்டால் போதாது என்பதற்குத் தமிழகமே சாட்சி. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் பக்கத்து வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் இடிந்து விழுந்ததில் 17 தலித்துகள் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே தலித் அமைப்புகள் கூறின. சுவர் அவர்களுடையதல்ல, ஆபத்து மட்டும் அவர்களுடையது. தனியார் ஆய்வாளரை அமர்த்த வசதி உள்ளவர் தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொள்வார். மேட்டில் உள்ளவரின் தாங்குசுவர் பள்ளத்தில் உள்ளவரின் கூரைமேல் நிற்கும் ஊர்களில், அந்த ஆய்வு பொதுப்பணியாகவே இருந்தாக வேண்டும்.

பெருநகரங்கள் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளன. மும்பையில் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஆபத்தான கட்டடங்களின் பட்டியல் வெளியிடப்படுகிறது. தில்லி மாநகராட்சியும் மழைக்கு முந்தைய கணக்கெடுப்பை நடத்துகிறது. 2025 ஜூலை 25-ஆம் தேதி ராஜஸ்தானின் ஜாலாவர் மாவட்டத்தில் பள்ளிக் கட்டடம் இடிந்து 7 குழந்தைகள் இறந்ததும், நாடெங்கும் பள்ளிகளின் பாதுகாப்பைத் தணிக்கை செய்யுமாறு மத்திய அரசு அறிவுறுத்தியது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமோ, ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை நிறுவனமே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அடுக்ககம் வாங்கியவருக்கு அது அரண். காரோட்டிலோ வெள்ளறடையிலோ தானே கொத்தனாரை அமர்த்திக் கட்டிக்கொண்டவருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

பட்டியல் எடுப்பதோடு கடமை முடிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 3-ஆம் தேதி கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து ஒரு பெண் இறந்தார். அக்கட்டடத்தின் பலவீனம் அரசுத் தரப்புக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆகவே, ஆய்வறிக்கையுடன் பழுதுபார்க்கும் உதவியும் சேர்ந்தே வர வேண்டும். 'அடச்சுறப்பில்லாத வீடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், ஏழைக் குடும்பத்துக்கு அது இன்னுமொரு சுமையாகவே முடியும். கேரளத்தின் லைஃப் திட்டமும் மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டமும் முதன்மையாகப் புதிய வீட்டுக்கே பணம் தருகின்றன. இருக்கும் வீட்டின் கைமரத்தை மாற்றவும், சுவரின் காலுக்குச் சாந்து பூசவும் ஆகும் செலவு அதில் சிறு பங்கே.

உள்ளாட்சிகளுக்கு அதிகாரத்திலும் நிதியிலும் பெயர்பெற்ற மாநிலம் கேரளம். அங்கு 2025 டிசம்பரில் நடந்த தேர்தலில் புதிய ஊராட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனர். கிராம சபை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். உள்ளாட்சித் துறைப் பொறியாளர் ஒருவர், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர், வார்டை அறிந்த குடும்பஸ்ரீ பெண்கள் சிலர் என்று ஒரு குழு அமைத்தால், ஏப்ரலில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் வார்டு முழுவதையும் பார்த்துவிடலாம். மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அந்தக் குழுவின் அறிக்கையில், தமிழ் பேசும் வீடுகளுக்குத் தருவதைத் தமிழிலும் எழுதித் தருமாறு கிராம சபையில் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.