ஒரு முழங்காலில் தங்கியிருக்கும் பருவகாலம்

மத்திய மலைநாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் தோட்டத்து மைதானங்கள் உயிர்பெறத் தொடங்கிவிடும். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என எத்திசையில் சென்றாலும் தைப்பொங்கலை ஒட்டியும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்கான சுவரொட்டிகளைக் காணலாம். அணிக்கு எழுவர் என்றும் ஒன்பதின்மர் என்றும், விலகல் முறையில், பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் இவை நடந்து முடிந்துவிடுகின்றன. மே மாதத்தில் மீண்டும் மழை இறங்கும் வரையிலான இந்தச் சில மாதங்களே ஒரு தோட்ட அணியின் பருவகாலம்.

இப்போட்டிகளைத் தொடர்ந்து அவதானித்து வருபவர்கள் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். முதற்சுற்றில் மூன்று, நான்கு கோல்கள் என அடித்து முன்னேறிய அணி, அரையிறுதியில் அடையாளமே தெரியாத விதமாக ஆடித் தோற்று வெளியேறுகின்றது. காரணம் விசாரித்தால், நடுவில் ஆடும் பையனுக்குக் கால் பிசகிவிட்டது என்பார்கள். எஞ்சிய அறுவரும் முன்னைய ஆட்டத்தில் ஆடிய அதே அறுவர்தாம். அவ்வாறிருந்தும் ஒருவரின் உபாதை முழு அணியையும் குலைத்துவிடுவது ஏன்? அதன் விலையை உண்மையில் செலுத்துபவர் யார்? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

முதலாவது வினா மலையகத்துக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் தொடர்ச்சியாக நான்கு முறை சம்பியனாகி எவருமே படைத்திராத சாதனையைப் படைத்த மென்செஸ்டர் சிட்டி கழகத்துக்கு, 2024 செப்டெம்பர் 22ஆம் திகதி ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு பெரும் இழப்பு ஏற்பட்டது. அதன் மத்தியகள வீரர் ரொட்ரியின் முழங்கால் மூட்டை உள்ளிருந்து பிணைத்திருக்கும் தசைநார் அறுந்துபோனது. அடுத்த மாதமே உலகின் மிகச்சிறந்த வீரருக்கான பலன் டி ஓர் விருது அவருக்குக் கிடைத்தது. ஊன்றுகோலுடன் வந்தே அவர் அதனைப் பெற்றார். அவரின்றி ஆடிய சிட்டி, ஒரு கட்டத்தில் 13 ஆட்டங்களில் ஒன்றில் மாத்திரமே வெற்றி பெற்றது. முந்திய பருவகாலத்தில் 91 புள்ளிகளைப் பெற்றிருந்த அணி 71 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தில் முடித்தது. பணத்தால் வாங்கக்கூடிய வீரர்கள் அனைவரையும் வைத்திருக்கும் கழகத்தின் கதை இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் ரொட்ரி அதிக கோல்களை அடித்துக் குவிப்பவர் அல்லர். எதிரணியின் தாக்குதல் உருவாகும் முன்னரே அதனை அணைப்பதும், தமது பின்களத்திலிருந்து பந்தைப் பெற்று எத்திசையில் ஆட்டம் நகர வேண்டும் எனத் தீர்மானிப்பதுமே அவரது பணி. கோல் அடிப்பவரின் இன்மை புள்ளிவிபரத்தில் உடனே தெரிந்துவிடும். நடுவில் நின்று ஆட்டத்தின் வேகத்தை ஆள்பவரின் இன்மையோ மற்றைய பத்துப் பேரின் தவறுகளாகவே வெளிப்படும். பின்கள வீரர் பந்தைக் கொடுக்க ஆளின்றித் தடுமாறுவார். முன்கள வீரர் பந்தைத் தேடிப் பின்னோக்கி ஓடிவருவார். பார்வையாளர் அவர்களைத் திட்டுவர்.

இதனிலும் தெளிவான பாடம் லிவர்பூல் அணியினுடையது. 30 ஆண்டுகளின் பின்னர், 2019-20 பருவகாலத்தில் 99 புள்ளிகளுடன் லீக் சம்பியனான அவ்வணி, 2020 ஒக்டோபர் 17ஆம் திகதி எவர்டனுக்கு எதிரான ஆட்டத்தில் பின்களத் தூணான வேர்ஜில் வன் டைக்கை முழங்கால் உபாதையால் இழந்தது. மறுமாதம் ஜோ கோமஸ், அதன் பின்னர் ஜோயல் மட்டிப் என மத்திய பின்கள வீரர்கள் மூவரும் அப்பருவகாலத்தையே இழந்தனர். பயிற்றுவிப்பாளர் யூர்கன் குளொப் என்ன செய்தார்? மத்தியகள வீரர்களான பபின்ஹோவையும் ஜோர்டன் ஹென்டர்சனையும் பின்களத்துக்கு இறக்கினார். கூரையில் விழுந்த ஓட்டையை அடைக்கச் சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்தெடுத்தது போன்ற ஏற்பாடு அது. பின்களமும் முழுமையாகத் தேறவில்லை, மத்தியகளமும் வலுவிழந்தது. சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த அணி, 2021இன் தொடக்க மாதங்களில் அங்கேயே அடுத்தடுத்து ஆறு ஆட்டங்களில் தோற்றது. நத்தானியல் பிலிப்ஸ், ரைஸ் வில்லியம்ஸ் என்னும் அனுபவம் குறைந்த இருவரைப் பின்களத்திலேயே நிறுத்தி, மற்றையவர்களைத் தத்தமது இடங்களுக்குத் திருப்பிய பின்னரே அணி நிமிர்ந்து, 69 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தை எட்டியது. பெயர்போன வீரரை வேறோர் இடத்தில் நிறுத்துவதைக் காட்டிலும், சுமாரான வீரரை அவருக்குரிய இடத்தில் நிறுத்துவது மேல் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் அண்மைக்காலத்தில் இல்லை என்பதே எமது கருத்து. தோட்ட அணித்தலைவர்கள் செய்யும் வழமையான தவறும் இதுவே. நடுவிலிருப்பவர் விழுந்தால் முன்களத்திலுள்ள சிறந்த வீரரை நடுவுக்கு இழுப்பார்கள். அத்துடன் கோல் அடிக்கவும் ஆளில்லாமற் போய்விடும்.

ஐரோப்பியக் கழகங்களில் 2001ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டு வரும் நீண்டகால ஆய்வு, 25 வீரர்களைக் கொண்ட ஓர் அணி ஒரு பருவகாலத்தில் சராசரியாக 50 உபாதைகளை எதிர்பார்க்கலாம் எனக் கணக்கிட்டது. அவற்றுள் எட்டு அல்லது ஒன்பது, நான்கு வாரங்களுக்கு மேலாக வீரரை ஒதுக்கிவைக்கும் கடுமையானவை. குறைந்த உபாதைகளைச் சந்தித்த கழகங்களே தத்தமது லீக் வரிசையில் மேலே சென்றன என்பதையும் அதே ஆய்வுக்குழுவினர் 2013இல் வெளியிட்டனர். எமக்கு மிக முக்கியமாகப் படுவது அவர்களது இன்னொரு கண்டறிதலாகும். உபாதைகளில் 12 சதவீதமானவை ஏற்கனவே பாதிக்கப்பட்ட அதே இடத்தில் மீண்டும் நேர்ந்தவை. அவ்வாறு மீண்டும் வருபவை குணமாவதற்கு ஏனையவற்றைவிட அதிக நாட்கள் எடுத்தன. உபாதை முழுமையாக ஆறுவதற்கு முன் நட்சத்திர வீரரை அவசரமாகக் களமிறக்கும் அணி, ஓர் ஆட்டத்துக்காக ஒரு பருவகாலத்தையே பணயம் வைக்கின்றது.

2002 உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் இதனை அனுபவித்தது. உலக சம்பியனாகவும் ஐரோப்பிய சம்பியனாகவும் வந்த அவ்வணியின் உயிர்நாடியான ஸினடின் ஸிடான், போட்டிக்குச் சில தினங்களுக்கு முன்னர் தென்கொரியாவுடனான சிநேகபூர்வ ஆட்டத்தில் தொடைத் தசை உபாதைக்குள்ளானார். முதலிரு ஆட்டங்களில் அவர் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் தொடையில் கட்டுடன் அவரை இறக்கினர். டென்மார்க்கிடம் 2-0 எனத் தோற்று, ஒரு கோல் கூட அடிக்காமலே பிரான்ஸ் நாடு திரும்பியது. 28 ஆண்டுகளின் பின்னர் 2018இல் உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்ற எகிப்தின் நிலையும் அவ்வாறே. மே 26ஆம் திகதி கியேவ் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மொஹமட் சலாஹ் தோளைப் பற்றியவாறு கண்ணீருடன் வெளியேறியபோது, எமது நாட்டின் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றிலும் கவலை தோன்றியதை நாம் அறிவோம். உருகுவேயுடனான முதலாட்டத்தை அவர் ஆசனத்திலிருந்தே பார்த்தார். 89ஆவது நிமிடக் கோலால் எகிப்து தோற்றது. அத்தொடரில் எகிப்து அடித்தவை மொத்தம் இரண்டே கோல்கள். இரண்டுமே பின்னர் களமிறங்கிய சலாஹ் அடித்தவை.

இதற்கு எதிர்மாறான உதாரணமும் உண்டு. 1962இல் சிலியில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே பேலே உபாதையுற்று வெளியேறினார். அவரிடத்துக்கு வந்த அமரில்டோ, ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில் இரு கோல்களையும் இறுதியாட்டத்தில் ஒரு கோலையும் அடித்தார். கரிஞ்சா அணியைத் தோளில் சுமந்தார். பிரேஸில் கிண்ணத்தை வென்றது. பேலேக்கு நிகரானவர் எவருமில்லை. ஆயினும் அவரது இடத்தில் நின்று ஆடப் பழகிய ஒருவர் இருந்தார்.

இனி எமது மலைகளுக்கு வருவோம். இங்கு அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் இல்லாமற் போவதற்குக் காரணங்கள் உள்ளன. தோட்டத்து இளைஞர்களில் கணிசமானோர் கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் கடைகளிலும் உணவகங்களிலும் தொழில் புரிகின்றனர். பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் ஊர் திரும்புகின்றனர். முதல்நாள் இரவு பஸ்ஸில் வந்திறங்கியவர், மறுநாள் காலை உடலைச் சூடேற்றாமல் குளிரில் களமிறங்கி, மாலைக்குள் மூன்று, நான்கு ஆட்டங்களை ஆடுகின்றார். பல மாதங்களாக ஓடாத கால்களின்மீது ஒரே நாளில் இத்தனை சுமையை ஏற்றினால், தசை கிழிவதும் மூட்டுப் பிசகுவதும் வியப்பன்று. அணியின் சிறந்த வீரர்தான் அதிக நேரம் ஓடுகின்றார், அதிகமாக உதைபடுகின்றார். ஆகவே முதலில் விழுபவரும் பெரும்பாலும் அவரே.

மைதானங்களின் நிலைமை இதனை மேலும் மோசமாக்குகின்றது. மலையகத்தில் சமதரை என்பது ஆடம்பரப் பொருள். டரவளையிலும் ராதெல்லவிலும் துரைமார் தமது விளையாட்டுக்கென அமைத்துக்கொண்ட புற்றரைகளின் அழகை இன்றும் வியக்கலாம். லயன்களுக்கு அருகிலோ தொழிற்சாலைக்குப் பின்புறமோ வெட்டிச் சமன்செய்யப்பட்ட தோட்ட மைதானங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் மழைநீர் அரித்த கிடங்கு. வேகமாக ஓடிவருபவரின் பாதம் கிடங்கில் சிக்கி உடல் திரும்பும்போது முழங்காலின் உட்புறத் தசைநார் அறுபடுவதற்கு எதிரணி வீரரின் மோதல் கூடத் தேவையில்லை.

ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களின் அணிகளில் தோட்டத்து இளைஞர்களும் நகரத்து முஸ்லிம் இளைஞர்களும் ஒரே சட்டையணிந்து ஆடுவது புதிய விடயமன்று. அண்மைய ஆண்டுகளில் புனித ரமழான், மாசி முதல் சித்திரை வரையிலான காலத்தில், அதாவது இந்த வரட்சியான பருவகாலத்தின் நடுவிலேயே அமைந்து வருகின்றது. நோன்புக்கு முன்னரும் பெருநாளுக்குப் பின்னரும் ஆட்டங்களை நெருக்கி வைத்து, இடையில் பயிற்சியையே கைவிட்டுவிட்டால், பெருநாளுக்கு மறுவாரம் உபாதைகள் வரவே செய்யும். நோன்பு திறந்த பின்னர் இலேசான பயிற்சியை ஒழுங்குசெய்து, பெருநாளின் பின் இரண்டு வாரங்களேனும் படிப்படியாகச் சுமையை ஏற்றுவதே முறை. போட்டிகளை ஒழுங்குசெய்வோர் நாட்காட்டியைப் பார்த்தே திகதி குறிக்கலாம்.

எனினும் தோல்வியடைந்த அணிக்கு அடுத்த பொங்கல் உண்டு. வீரருக்கு? தோட்டத்தில் வேலை செய்யும் ஆண்களின் கைவேலைகளை எண்ணிப்பாருங்கள். செங்குத்தான மலைச்சரிவில் நின்று கவ்வாத்து வெட்டுதல், உர மூட்டை சுமத்தல், மருந்துத் தாங்கியை முதுகிலேற்றித் தெளித்தல். இவை யாவும் முழங்காலின் உறுதியை நம்பிய தொழில்கள். அறுந்த தசைநார் சத்திரசிகிச்சையின் பின் முழுமையாகத் தேறப் பல மாதங்கள் செல்லும். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என வர்த்தமானியில் ஏறிய நாட்சம்பளம், வேலைக்குச் சென்ற நாளுக்கே உரியது. மலையேற முடியாதவருக்குச் செக்ரோலில் அரைப்பேரும் விழாது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலோடு தொடர்புபட்டு நேரும் விபத்துகளையே கவனத்திற்கொள்கின்றது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நேர்ந்தது அதனுள் அடங்காது. கொழும்புக் கடையில் நின்றபடி வேலை செய்பவராயின் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

தேசிய அணிக்காக ஆடும்போது ஒரு வீரர் 28 நாட்களுக்கு மேல் ஆட முடியாதவாறு உபாதையுற்றால், அவரது கழகத்துக்கு நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை ஈடுசெய்யும் திட்டமொன்றை பீபா 2012 முதல் நடத்தி வருகின்றது. கோடீஸ்வரக் கழகங்களுக்கே காப்பீடு தேவைப்படுகின்றதெனில், தோட்டத்துப் பிள்ளைக்கு அது எத்துணை அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சையிலும் அவதானம் தேவை. விழுந்தவரை எழுப்பி, எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போட்டு, இரண்டாம் பாதியில் மீண்டும் இறக்கும் வழக்கம் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். வீங்கிய முழங்காலைத் தேய்ப்பது கேட்டையே விளைவிக்கும். ஓய்வும் குளிர் ஒத்தடமும் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, வைத்தியரிடம் காட்டுவதே சரியானது. இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கட்டடம் இப்பகுதியினருக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் சிக்கலான மூட்டுச் சத்திரசிகிச்சைக்குக் கண்டியையோ கொழும்பையோ நாட வேண்டியவர்கள், பயணச் செலவுக்கே அஞ்சிப் பின்வாங்குகின்றனர். சில மாதங்களில் வலி தணிந்துவிடும். ஆனால் திரும்பும்போதெல்லாம் முழங்கால் நழுவும். அவ்வளவுடன் ஒரு நல்ல ஆட்டக்காரரின் கதை முடிந்துவிடுகின்றது.

தடுப்பதற்கான வழி விலையுயர்ந்ததன்று. பீபாவின் மருத்துவ ஆய்வு நிலையம் வகுத்த '11+' என்னும் ஆயத்தப் பயிற்சிக்குச் சுமார் 20 நிமிடங்களும் ஒரு பந்தும் போதும். மெதுவான ஓட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் அப்பியாசங்கள், ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து முழங்கால் உள்நோக்கிச் சரியாதவாறு தரையிறங்குதல் என்பன அதன் உள்ளடக்கம். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான வீராங்கனைகளிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இதனைக் கடைப்பிடித்தவர்களிடையே கடுமையான உபாதைகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தன. எமது பாடசாலைகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் இதனை ஒரே வாரத்தில் கற்பித்துவிடலாம்.

சுற்றுப்போட்டிகளை நடத்தும் கழகங்களிடமும், பரிசுத் தொகை வழங்கும் வர்த்தகர்கள், தொழிற்சங்கங்கள், அரசியல் பிரமுகர்களிடமும் நாம் முன்வைக்க விரும்புவது இதுதான். ஒரே நாளில் ஓர் அணி இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவாறு அட்டவணையை வகுத்தல் வேண்டும். ஒவ்வோர் அணியும் குறைந்தது நான்கு மேலதிக வீரர்களைப் பதிவு செய்து, முதற்சுற்றிலேயே அவர்களைக் களமிறக்க விதி கொண்டுவரலாம். ஒவ்வோர் அணியின் நுழைவுக் கட்டணத்திலும் வெற்றிக் கிண்ணத்துக்கான செலவிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, போட்டியில் உபாதையுற்றவரின் வைத்தியசாலைப் பயணத்துக்கும் இழந்த நாட்சம்பளத்துக்கும் கொடுக்கும் நிதியொன்றை ஆரம்பிக்கலாம். ஆளுயரக் கிண்ணங்களுக்கு மைதானத்தில் குறைவே இல்லை. அவற்றில் ஒன்றின் விலை, கவ்வாத்து மலைக்கு ஏற முடியாமல் வீட்டிலிருக்கும் ஒருவருக்குப் பல நாட்களின் சம்பளமாகும்.