மீண்டும் சைக்கிள் ஏறலாம் – உங்களுக்கு ஏற்ற வண்டி எது?



கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் பகுதிக் குழுக்களில் சமீபமாக அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பஸ்ஸு இலவசம்தான். ஆனா பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்கே ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கே!" உண்மைதான். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் வீட்டிலிருந்து ரயில் நிலையம், வங்கி, ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு நமக்கென்று ஒரு வண்டி இல்லை. நடந்தால் நேரம் போகிறது, ஆட்டோவில் போனால் காசு போகிறது.

இந்த இடைவெளிக்குச் சைக்கிள் நல்ல வழி. நம்மில் பலருக்கு அது புதிதும் அல்ல. தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பின்பு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அந்த வண்டியில் பிளஸ் டூ வரை போய் வந்த பெண்கள் இன்று குழுத் தலைவிகளாக இருக்கிறார்கள். கல்யாணத்தோடு சைக்கிள் அம்மா வீட்டுத் திண்ணையில் நின்றுவிட்டது. ஓட்டும் பழக்கம் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

"இந்த வயசுல சைக்கிளா?"

இப்படிக் கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நடந்த சமயத்தில், அம்மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்களுக்கு வண்டி வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளையும் கேட்டுக்கொண்டார். குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிப் பெண்கள் என்று எல்லாரும் ஏறினார்கள். கேலி பேச்சும் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருக்கும் நிலை மாறியது.

அதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள், ஏனென்றால் முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். தங்கள் வேலைக்கு எது உதவுமோ அதை எடுத்தார்கள். நாமும் அப்படித்தான் தேர்வு செய்ய வேண்டும்.

ஹைபிரிட் என்றால் என்ன?

கடைக்குப் போனால் "ஹைபிரிட் எடுங்க அக்கா" என்கிறார்கள். கலப்பினப் பசு நமக்குத் தெரியும் அல்லவா? இதுவும் அப்படித்தான். வேகமாக ஓடும் ரேஸ் சைக்கிளையும், கரடுமுரடான வழிக்கான மலை சைக்கிளையும் கலந்து செய்தது. சக்கரம் பெரியது, டயர் நடுத்தர அகலம், ஹேண்டில்பார் நேரானது. முதுகை வளைக்காமல் உட்காரலாம். பழைய கால இரும்பு சைக்கிள் 20 கிலோ எடை இருக்கும். ஹைபிரிட் பெரும்பாலும் 13 முதல் 16 கிலோதான். வாசற்படி தூக்கி ஏற்ற வேண்டிய வீடுகளில் இந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

ஆனால் ஒன்று. ஹைபிரிட் வண்டி பல சமயம் மட்கார்டு, கேரியர், செயின் கவர் இல்லாமல்தான் வரும். கூடை, ஸ்டாண்டு, பெல் எல்லாம் தனிக்காசு. ரேஷன் அரிசி எதில் கட்டுவது? சேலை செயினில் மாட்டினால்? அதனால் விலை கேட்கும்போதே, "இதெல்லாம் மாட்டிக் கொடுத்தா மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

சாதாரண லேடீஸ் சைக்கிள் சுமார் 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஹைபிரிட் பெரும்பாலும் 10,000-க்கு மேல், கியர் வைத்தது என்றால் 15,000 முதல் 20,000 வரை போகும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

யாருக்கு எது?

- தினமும் 2, 3 கிலோமீட்டர், சேலையில் பயணம், பின்னால் மூட்டை: கூடை, கேரியர், முழு செயின் கவர் உள்ள சாதாரண லேடீஸ் சைக்கிளே போதும்.
- தினமும் 8, 10 கிலோமீட்டருக்கு மேல், சுடிதாரில் வேலைக்குப் போகிறவர்: ஹைபிரிட் நல்லது. முன்பார் தாழ்வாக உள்ள பெண்கள் மாடலாகக் கேளுங்கள்.
- மலை சைக்கிள்: தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் பார்க்க அழகு. தார் ரோட்டில் மிதிக்கக் கனக்கும். நமக்கு அவசியம் இல்லை.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

1. உயரம்: முன்பாரின் மேல் கால் போட்டு நின்று பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், பாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் கீழ்நிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். முதல் வாரம் தைரியத்துக்காகக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பிறகு உயர்த்துங்கள்.

2. கியர்: நம் பகுதி பெரும்பாலும் சமதரை. கியர் இல்லாமலே ஓட்டலாம். மேம்பாலம் ஏற வேண்டியவர்களும், மாமல்லபுரம் பக்கம் மத்தியானக் கடல் காற்றை எதிர்த்து மிதிப்பவர்களும் கியர் எடுக்கலாம். அப்போதும் பின்சக்கரத்தில் மட்டும் 6, 7 கியர் போதும். 21 கியர் என்றால் பழுதுபார்க்கும் செலவும் கூடும். மிதித்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே கியர் மாற்ற வேண்டும், நின்றபடி மாற்றினால் செயின் கழலும்.

3. பிரேக்: மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் நன்றாகப் பிடிக்கும். மலிவு வண்டியில் வரும் டிஸ்க் பிரேக்குக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் நல்ல பிரேக் கட்டையே போதும். இரண்டு லீவரையும் உங்கள் கையால் பிடித்துப் பாருங்கள். விரல் எட்ட வேண்டும்.

4. டயர்: பக்கவாட்டில் 700x35 என்று எழுதியிருந்தால் 35 என்பது மில்லிமீட்டர் அகலம். நம் தெருக்களுக்கு 35 முதல் 40 வரை நல்லது. எவ்வளவு காற்று என்பதும் டயரிலேயே இருக்கும்.

5. பக்கத்து மெக்கானிக்: மிக முக்கியம். வாங்குவதற்கு முன்பே உங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம், "இந்த டியூப் உங்ககிட்ட கிடைக்குமாண்ணே? கியர் பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள். 26 இன்ச் டியூப் எங்கும் கிடைக்கும். ஹைபிரிட் டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது. அதன் காற்று வால்வும் வேறாக இருக்கலாம்.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக. அம்மா வீட்டில் நிற்கும் வண்டியையும் முதலில் பாருங்கள். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றி, ஆயில் போட்டால் பல வண்டிகள் எழுந்து நிற்கும். ஆனால் ஃபிரேமில் ஒட்டு விழுந்த இடத்தில் விரிசல் இருந்தால் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள், ஆடாமல் சுற்ற வேண்டும். விற்பவரிடம் பழைய பில் கேளுங்கள். இல்லையென்றால் ஃபிரேம் நம்பரோடு எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டி குறைந்த விலைக்கு வந்தாலும் நமக்கு வேண்டாம்.

கடன் கணக்கு

குழுவின் உள்கடன் 6,000 ரூபாய், மாதம் 1 சதவீத வட்டி, 10 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600 அசல், மீதித் தொகைக்கு மட்டும் வட்டி. மொத்த வட்டி 330 ரூபாய். இப்போது ஷேர் ஆட்டோவுக்குப் போக வர 40 ரூபாய் என்றால் 25 நாளைக்கு 1,000 ரூபாய். ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாதம் 200 போனாலும் 800 மிஞ்சும். தவணை அதிலேயே அடங்கும். பதினோராவது மாதம் முதல் அது உங்கள் சேமிப்பு.

இதையே 18,000 ரூபாய் வண்டிக்குப் போட்டால் மாதம் 1,800 அசல், மொத்த வட்டி 990. ஆட்டோ மிச்சம் போதாது, குடும்பச் செலவில் கை வைக்க வேண்டிவரும். உங்கள் குழுவின் வட்டியையும் உங்கள் பயணச் செலவையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடைக்காரர் சொல்லும் தவணைக்கும் குழுக் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம்

பல வருடம் கழித்து ஏறும்போது இடுப்பும் தொடையும் வலிப்பது இயல்பு. முதலில் காலையில் காலி மைதானத்தில் 15 நிமிடம், அடுத்து உள் தெருக்கள், பிறகுதான் கடைவீதி. மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. சாலையில் லாரி, பஸ் வேகம் அதிகம். சர்வீஸ் ரோடு, உள் தெரு இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். சாலையைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எதிர்த்திசையில் வரவே கூடாது. இருட்டில் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் முன்னால் விளக்கும் கட்டாயம் வேண்டும்.

கடலோரக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காற்று செயினைச் சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்யும். வாரம் ஒரு முறை துணியால் துடைத்து இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள்.

சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். "எங்க போற, எப்ப வருவ, யாரு கொண்டுபோய் விடுவாங்க?" என்ற கேள்விகளில் கடைசிக் கேள்விக்காவது இனி பதில் தேட வேண்டியதில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். உங்கள் குழுவில் யாருக்கு ஓட்டத் தெரியும், யாருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று பட்டியல் எடுங்கள். தெரிந்தவர் ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டால், தெரியாதவரும் சில நாட்களில் ஓட்டிவிடுவார்.